ஷமீம் சொன்ன படம்

5.5.03, திங்கள்

கத்திரி வெயில் நேற்று ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. வற்றல் போட இதைவிட நல்ல நாள் கிடையாது. ஊறின மோர்மிளகாயை வெயிலில் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு, டீச்சருக்கு லீவு இல்லை.

வாங்க: உளுந்து, துணி சோப், ஜெனிக்கு ரிப்பன், தண்ணிப் பானைக்கு மூடி.

மாலை சு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கையில் ஒரு கவர். லேபில் நாளெல்லாம் ரத்தம் பார்க்கிற மனுஷர், முகத்தில் மாப்பிள்ளைக் களை. "கிரேஸு, கண்ண மூடு" என்றார். வெள்ளிக்கிழமைதான் கல்யாண நாள். அதுவரை அவருக்குப் பொறுக்கவில்லை. திறந்து பார்த்தால் அந்தப் படத்தின் விசிடி. இரண்டு சிடி. அட்டையில் டைப்ரைட்டருக்கு அந்தப் பக்கம் பையன், இந்தப் பக்கம் பெண்.

என் உயிருக்கு உயிரான படம். நான் இதுவரை பார்க்காத படம்.

சு.வுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். "பாக்காத படத்துக்கு ரசிகர் மன்றம் வெச்சிருக்கா என் பொண்டாட்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிவியில் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அடுத்த தடவை மாவாட்டப் போய்விட்டேன். இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

6.5.03, செவ்வாய்

மிளகாய் ஒரு நாளிலேயே பாதி காய்ந்துவிட்டது. ஜெனி ரிப்பன் கலர் சரியில்லை என்று ஒரு மூச்சு அழுதாள். எட்டாவது முடித்தாயிற்று, இன்னும் ரிப்பனுக்கு அழுகை.

சு. ராத்திரி படம் போடலாமா என்றார். இன்றைக்கு வேண்டாம், ஒரே புழுக்கம் என்றேன். புழுக்கத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

ஆம்பூரில் நான் பத்தாவது படிக்கும்போது வந்த படம். அப்பா சர்ச் சபையில் உபதேசியார். சினிமாக் கொட்டகை இருந்த தெரு வழியாக நடந்தாலே வீட்டில் விசாரணை நடக்கும். என் தோழி ஷமீம் வீட்டிலும் பெண்பிள்ளைகளைக் கொட்டகைக்கு அனுப்புகிற வழக்கம் இல்லை. ஆனால் அவளுக்கு மெட்ராஸில், பெரியமேட்டில் ஒரு மாமூ. தோல் வியாபாரம். அந்தக் காலத்திலேயே வீட்டில் வீடியோ டெக். அரைப்பரீட்சை லீவுக்குப் போனவள் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானச் சாப்பாட்டு மணியில் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். டிபன் பாக்ஸ் மூடியில் நகத்தால் தட்டி டைப் அடிக்கிற சத்தம். மழை வாயாலேயே. பாட்டு வந்தால் பாடியே காட்டுவாள், குரல் சுமார்தான். ஐந்து நிமிஷ சீனை இரண்டு நாள் இழுப்பாள். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருகிற ஒரு பையனும் ஒரு பெண்ணும், அவ்வளவுதான் கதை. எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம் எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். சு. சினிமாப் பைத்தியம். ஒரு படமும் அந்தத் தொட்டிக்குப் பின்னால் பார்த்த படத்துக்கு உறை போடக் காணாது. அதனால்தான் பயம். நிஜப் படத்தைப் பார்த்தால் என் படம் போய்விடும். போனால் திரும்பி வராது.

8.5.03, வியாழன்

பானைக்கு மூடி கிடைத்தது, ஆனால் சிறியது. மாற்ற வேண்டும்.

மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஹாலில் ஃபேன் ஓடுகிறது, டிவி சூடாக இருக்கிறது. ஜெனி பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பீரோ சாவி பீரோவிலேயே தொங்குகிறது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அம்மா, ஃபுல்லா பாத்துட்டேன்."

"வாய மூடு."

"நீ எனக்கு சொன்ன கதையில முடிவு வேறம்மா. இதுல அந்தப் பொண்ணு..."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். முப்பத்தேழு வயதில். அவள் பின்னாலேயே வந்து ஜாடையில் சொல்லிக் காட்டப் பார்த்தாள். கண்ணையும் மூடிக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

சு. வந்ததும் அவரிடம் புகார். அவர் என் கட்சி: "அம்மாவோட படத்துல நீ இன்னாத்துக்கு மூக்க நுழைக்கற?" பிறகு என்னிடம் மெதுவாக, "முடிவு வேறயாமே?" என்று கேட்டார். அவருக்கும் ஆவல் தாங்கவில்லை.

முடிவு வேறு. சாப்பாடு முழுக்க அதே யோசனை. மற்றது எது மாறினாலும் தாங்குவேன். முடிவு மாறக்கூடாது.

9.5.03, வெள்ளி

கல்யாண நாள். சு. ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வரவழைத்திருந்தார். ஜெனி ஐந்து தின்றாள். நான் மூன்று. சர்க்கரை பார்க்கிற லேப்காரரே வாங்கித் தருகிறார், நான் என்ன செய்ய.

முடிவைப் பற்றி எழுதி வைத்துவிடுகிறேன், பார்ப்பதற்கு முன்னால்.

ஷமீம் முடிவை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனாள். நாளைக்கு, நாளைக்கு. பப்ளிக் பரீட்சையின் கடைசி நாள்தான் சொன்னாள், கணக்குப் பேப்பர் முடிந்த பிறகு. பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசுகிறார்கள். பையன் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து, வா ஓடிப்போகலாம் என்கிறான். அவள் அழவில்லை. "நீ போய் படி. நானும் படிக்கறேன். அஞ்சு வருஷம் கழிச்சு இதே பிளாட்பாரத்துல நில்லு, நான் வர்றேன்" என்கிறாள். அவன் அரக்கோணம் பக்கம் போகிற ரயிலில், அவள் ஜோலார்பேட்டை பக்கம் போகிற ரயிலில். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. வணக்கம்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்கும் ஒரு வரன் வந்தது. சபையிலேயே, நல்ல குடும்பம். அம்மா பாத்திரங்களைக்கூட எண்ணி வைத்துவிட்டாள். அப்பாவின் எதிரில் நின்று பேசுகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. நான் நின்றேன். "அஞ்சு வருஷம் குடுங்கப்பா, படிச்சிட்டு வர்றேன்" என்றேன். அந்தப் பெண் நின்ற மாதிரியே நின்றேன், அவள் குரலில் பேசினேன். அப்பா ரொம்ப நேரம் பைபிளைப் புரட்டாமல் கையில் வைத்திருந்தார். பிறகு சரி என்றார். பி.எஸ்ஸி., பி.எட்., வேலை, அப்புறம் சு. எல்லாம் அந்தப் பிளாட்பாரத்திலிருந்து வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, ஷமீமிடம்கூட. ஒரு சினிமாக்காரி பேச்சைக் கேட்டுப் படித்தேன் என்று எப்படிச் சொல்வது?

படத்தில் அந்தப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை என்றால்?

10.5.03, சனி

போட்டேன். சு. டியூட்டி, ஜெனி சித்தி வீட்டில். கதவைச் சாத்தி, பெரிய டம்ளரில் மோர் வைத்துக்கொண்டு.

முதல் சிடி முடிந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாம் இருக்கிறது. மழை, குடை, பெயரைத் தப்பாக டைப் அடிக்கிற சீன். வசனம்கூட அப்படியே. அந்தப் பெண்ணின் தாவணி மட்டும் கிளிப்பச்சை இல்லை, ஒரு மாதிரி பிரவுன். பையன் சைக்கிளில் போவது பாலாற்றுப் பாலம் இல்லை, ஏதோ கடற்கரை. டைப்பிங் சார் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. இத்தனை வருஷமும் என் மண்டைக்குள் தும்மிக்கொண்டிருந்த மனுஷர். பிறகுதான் உறைத்தது. எங்கள் தையல் டீச்சருக்குத்தான் அந்தத் தும்மல். ஷமீம் தூக்கி அவருக்கு வைத்துவிட்டாள்.

பையன் அழகாகத்தான் இருக்கிறான். மீசை இன்னும் முளைக்கவில்லை, பாவம். நான் கணக்குச் சொல்லித் தருகிற வயது. அந்த வயதில் அவனை நினைத்துச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

என் படம் போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

இரண்டாவது சிடியில், வேறு கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெண் இன்ஸ்டிட்யூட்டுக்கு வருவதில்லை. சார் அவள் மெஷினுக்குத் துணி போட்டு மூடுகிறார். அடுத்தது ஸ்டேஷன் வர வேண்டும். அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

11.5.03, ஞாயிறு

கோவிலில் பிரசங்கம் நீளம். ஃபேன் இரண்டு ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா விசிறிய காற்றில் பாதி எனக்கு.

மத்தியானம் ஷமீமுக்குப் போன் போட்டேன்.

"சிடி வாங்கிட்டாரு. பாதி பாத்துட்டேன்டி."

"எதுவரிக்கும்?" என்றாள்.

"மெஷினுக்குத் துணி போட்டு மூடறாரே, அதுவரிக்கும்."

"அதுக்கு மேல பாக்கல இல்ல?"

"இல்ல. ஏன்டி?"

"பாக்காத. பேஜார் பண்ணாம செவ்வாக்கெழம இங்க வா. சிடியையும் எடுத்துக்கினு வா."

ஏன் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும் என்றுதான் கேட்டாள்.

13.5.03, செவ்வாய்

காலை பஸ்ஸில் ஆம்பூர். பள்ளிகொண்டா வரை நின்றேன். ஊர் எல்லையிலேயே தோல் வாசனை மூக்கில் ஏறியது. பிறந்த ஊர் வாசனை, குறை சொல்ல முடியாது.

ஷமீம் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஷூ தைக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வெட்டின தோல் வரும், இவர்கள் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். ஷமீம்தான் எல்லாருக்கும் தலைவி. கண்ணாடி போட்டிருக்கிறாள். தையல் ஒன்று கோணலாக இருந்தாலும் அவிழ்க்கச் சொல்லிவிடுகிறாள். எங்கள் ஹெட்மாஸ்டரிடம்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

"வேலய நிறுத்தாதீங்க, கை பாட்டுக்குத் தைக்கட்டும், கண்ணு பாக்கட்டும்" என்று சொல்லி அவளே இரண்டாவது சிடியைப் போட்டாள். மெஷினுக்குத் துணி போட்டு மூடுகிற சீன் வந்தது. அவள் என்னைவிட டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்டேஷன் இல்லை. ரயிலே இல்லை. கல்யாண மண்டபம். பையன் மழையில் நனைந்து வந்து ஒரு பாட்டுப் பாடுகிறான். பெண்ணின் அப்பா மனம் மாறி, அதே மேடையில் அவனையே தாலி கட்டச் சொல்கிறார். சுபம். கடைசிப் பத்து நிமிஷத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வசனம்கூட இல்லை. அழுகிறாள், தலைகுனிகிறாள்.

"அவ்ளோதானா?" என்றாள் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி.

நான் ஷமீமைப் பார்த்தேன். அவள் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இப்பதான் தெரியும் கிரேஸு" என்றாள். "அன்னிக்கி மாமூ வீட்ல, துணி போட்டு மூடறாரு, கரண்ட் போய்டுச்சு. வரவே இல்ல. காலைல நாங்க ஊருக்கு வந்துட்டோம்."

"அப்ப ஸ்டேஷன்?"

"வந்தா எனக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்காங்க, பரீட்ச முடிஞ்சதும்னு. நீ தெனம் அப்பறம் இன்னா ஆச்சு, அப்பறம் இன்னா ஆச்சுன்னு உயிர வாங்கற. அந்தப் பொண்ண நான் இன்னா பண்றது? படிக்க அனுப்பிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு, மடியில் இருந்த தோலை எடுத்து நூலை இழுத்தாள்.

அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொன்னேன். வரன் வந்தது, அப்பாவின் எதிரில் நின்றது, அந்த ஐந்து வருஷம், எல்லாவற்றையும். பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஷமீம் அவர்களைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

"அப்ப அந்த ரயில்ல போன பொண்ணு படிச்சிட்டாளா?"

"படிச்சிட்டாடி" என்றேன். "கணக்கு டீச்சர் ஆயிட்டா."