சுருக்கம் வச்சாச்சா?

ரவாங்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் விஷாலினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம்தான். தைவானில் மழை விடாமல் பெய்கிறதாமே, நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை முதலில் எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், இதை நடுவில் வெட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி மேனேஜர் புவனேசன் சின்னத்தாயைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உனக்கு அவளைத் தெரியும், பத்தாங் காலியிலிருந்து பஸ் பிடித்து வந்து பதினோரு வருஷமாகச் சிலிக்கோன் பிரஸ் மெஷினில் நிற்கிறவள், நீ தைவான் போகும்போது முறுக்கு சுட்டுக் கொடுத்தவள். நீ தைவான் கம்பெனியில் அச்சு வெட்டி அனுப்பினாயே, தண்ணீர் ஃபில்டர் மூடிக்குள் போடுகிற சிலிக்கோன் வளையம், நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது எல்லாம் தொண்ணூற்றேழாக வந்து, மூடியில் நிற்காமல் ஒழுகுகிறது. அதற்கு நீ புவனேசனுக்கு என்ன எழுதினாய்? அச்சில் குறை இல்லை, ஆப்பரேட்டர்தான் வளையத்தை ஓவனில் அதிக நேரம் விட்டுச் சுருங்க வைத்திருப்பார் என்று எழுதினாய். சின்னத்தாய் என் மேசைக்கு வந்து, அக்கா, நான் மணி பாத்துத்தான் எடுத்தேன், எம் பிள்ளைங்க மேல சத்தியம் என்று அழுதாள். எழுதியது என் மகள் என்று தெரிந்தும் என்னிடம்தான் வந்து அழுதாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன் சொல்?

அன்றைக்கே வேலை முடிந்ததும் அச்சைக் கழற்றச் சொல்லி நானே அளந்தேன். பள்ளம் சரியாக நூறு. சூட்டில் அழுத்திய சிலிக்கோன் ஆறினால் சுருங்கும், நூற்றுக்கு மூன்று குறையும், அதனால் பள்ளத்தை நூற்று மூன்றாகவாவது வெட்ட வேண்டும் என்று சாமான் சரிபார்க்கிற எனக்கே தெரியும், படித்த உனக்குத் தெரியாதா? கேட்டால், மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க லா என்கிறாய். எது எனக்குப் புரியாது? புதன்கிழமை நீயாகப் போன் அடித்து, மா, போன்ல இடம் இல்லன்னு சொன்னீங்களே, பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அழிச்சிடுங்க என்றாய். அம்மாவின் போன்மேல் என்ன திடீர் அக்கறை என்று நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மார்ச் மாதம் நீ கேட்டிருக்கிறாய், மா, சுருக்கம் வச்சாச்சா என்று. நானும், வச்சாச்சு லா, அழகா வந்திருக்கு என்று சொல்லியிருக்கிறேன். அடிப்பாவி, அன்றைக்கு நான் உன் அண்ணன் மகள் கண்மணிக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன்! இடுப்புச் சுருக்கத்தைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீயோ எங்கள் கம்பெனி கொடுத்த அளவிலேயே சிலிக்கோன் சுருங்குகிறதற்கான கூடுதல் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். நான் வச்சாச்சு என்றதை நம்பி நூறாகவே வெட்டிவிட்டாய். ஊருக்கெல்லாம் ஷ்ரிங்கேஜ் என்கிறவள், அம்மாவுக்குப் புரியட்டும் என்று அன்றைக்கு மட்டும் தமிழில் கேட்டாயாக்கும். புவனேசனுக்கு ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டியதை, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளிடமா கேட்பார்கள்? சரி, தப்பு யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் அதை இன்னொருத்தி தலையில் கட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா லோரி ஓட்டிப்போன இடத்தில், பாசிர் பெனம்பாங்கில், உனக்குப் பிடித்த நண்டு வாங்கி வந்தார். ஆக்கி வைத்தேன், ஒரு வாய் இறங்கவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்குப் புவனேசன் அறைக்குப் போய் அந்த இரண்டு மெசேஜையும் போட்டுக் காட்டப் போகிறேன். எந்தச் சுருக்கம் என்று கேட்காமல் பதில் சொன்னது என் தப்பு என்று முதலில் சொல்வேன், அதற்காக என்னையும் வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். அதற்கு முன்னால் நீ உண்மையை எழுதிவிட்டால், நீயே சொன்னதாக இருக்கும். பெற்றவள் காட்டிக்கொடுத்தாள் என்று ஆக்கிவிடாதே கண்ணு. சின்னத்தாய்க்கும் தனியாகப் போன் போடு, அக்கா என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. முருகன் உனக்கு நல்ல புத்தியும் தைரியமும் கொடுக்கட்டும். மா, அங்க விடிஞ்சது தெரியாம தூங்கிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. ரவாங்குக்கும் தைவானுக்கும் ஒரே நேரம், எனக்கு எட்டு மணி என்றால் உனக்கும் எட்டு மணிதான்.

உன் அம்மா,
இராஜம்மா