நல்லாத்தான் இருக்கான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. இங்கும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன், பதறாமல் படி.

உன் தம்பிக்குக் கை கால் நீட்டிவிடவும் விழுங்கப் பழக்கவும் ஆஸ்பத்திரியிலிருந்து வாரா வாரம் வீட்டுக்கு ஒரு தெரபிஸ்ட் பெண் வருகிறாளே, அவளை இனியும் அனுப்ப வேண்டுமா என்று பார்க்கப் போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் நம் வீட்டைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, விடிந்ததிலிருந்து ஒரே அமர்க்களம். நான் தம்பிக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தேன். சளி உறிஞ்சும் மெஷின் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அப்பா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வந்தவர் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதுதான் தாமதம், “நல்லாத்தான் இருக்கான் சார், தானாவே டம்ளர் பிடிச்சுக் குடிப்பான்” என்கிறார் உன் அப்பா. எப்போதோ ஒரு நாள் பிடித்த டம்ளர். நானாவது வாயைத் திறந்தேனா, தலையாட்டிக்கொண்டே டீ கொடுத்தேன். அன்று மாலையே தண்ணீர் புரையேறித் தம்பியின் உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி நான் அவனை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அப்பா மெஷினுக்காகக் கட்டிலுக்கு அடியில் தவழ்கிறார். நல்லவேளை, பிழைத்தான். இரண்டொரு நாளில் போன் வந்தது, நல்ல முன்னேற்றமாம், இந்த மாதத்தோடு தெரபிஸ்ட் வரமாட்டாளாம். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். அவன் நோயின் பெயரைச் சொன்னால் டாக்டர்களே இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறார்கள், அவளும் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன், எனக்கு பயமாக இருக்கிறது.

அந்தத் தெரபிஸ்ட் பெண்ணே சண்டை போட்டு மறுபடி வந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறாள், புதன்கிழமை வருகிறார்கள். இந்தத் தடவை அப்பா போட்ட திட்டத்தைக் கேள், தலை வாராமல், தலையணை கொடுக்காமல், அவனைச் சரிய விட்டுக் காட்டலாமாம். நானும் சரி என்றுதான் சொன்னேன். படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மூச்சு வாங்க வாங்கச் சொன்னான், “அன்னைக்கு அலங்காரம் பண்ணிக் காட்டினீங்க. இப்ப அலங்கோலம் பண்ணிக் காட்டப் போறீங்களா? என்னைக் கேக்கச் சொல்லுங்க. நான் சொல்றேன்.” அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவன் சொல்லி முடிக்கும்வரை அதிகாரிக்குப் பொறுமை இருக்குமா என்று கவலை. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருப்போமா என்பது அதைவிடப் பெரிய கவலை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் வெளியே கொண்டு போகாதே. மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, போன் பண்ணும்போது தம்பி எப்படி இருக்கிறான் என்று இனி என்னிடம் கேட்காதே. அவன் காதில் வைக்கச் சொல். அவன் சொல்லி முடிக்கிறவரை வைத்துவிடாதே.

உன் அம்மா