குழியடியில் நின்றுபோன படம்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? வெயிலில் கோயிலுக்கு நடக்க வேண்டாம்.

அப்பாவின் அடக்கத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை என்று அழுகிறீர்களாம். அழாதீர்கள். தம்பி வீட்டு வைஃபைக்காக நீங்கள் அவன் வாசலில் நிற்கக்கூடாது என்றுதான், உள்ளேயே சிம் போடும் மடிக்கணினி வாங்கி அனுப்பினேன். அப்பாவை அடக்கிய தலைமன்னார் சேமக்காலை கடலோரம் அல்லவா? அடக்கத்தை எனக்குக் காட்டக் கொண்டுபோன மடிக்கணினி அங்கே இந்தியா டவரைப் பிடித்துவிட்டது. அதில் நம் டேட்டா செல்லாது. குழியில் இறக்கும் நேரம் படம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

தம்பிதான் மடிக்கணினியை மூடிவிட்டான் என்று நினைத்தேன். நான் வந்து சேர ஒரு நாள் பொறுக்காதவன்தானே. அவன் மகள் டினோஜா, “இல்லை பெரியப்பா, நீங்கள் பாக்கிறியள் எண்டு அப்பா கடைசி மட்டும் அதைக் குழிக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிண்டவர்” என்றாள். பிடித்திருக்கட்டும். அந்த ஒரு நாளை நான் மறக்கமாட்டேன்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூளும் அப்பா உடுத்த சாரம் ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சாரத்தைத் தோய்க்க வேண்டாம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, அப்பாவின் கல்லறையில் எனக்காக ஒரு பிடி மண் போடுங்கள். உங்கள் கையால் போடுங்கள், அவன் கையால் வேண்டாம். வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வந்துவிட்டது.

மகன்
கிறிஸ்ரி