ஓடிக்கொண்டுதான் இருந்தது

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீதான் என் போனை எடுப்பதே இல்லையே. எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கோபத்தில் கிழித்துப் போட்டாலும் பிறகு ஒட்டிவைத்துப் படிக்கலாம்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். நான் புல்வெட்டும் மெஷினையும் தண்ணீர் பம்பையும் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன். பெட்ரோல் இன்ஜின்கள் மக்கர் பண்ணினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். அதனால், நீ ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பேட்டரிப் புல்வெட்டும் மெஷினை உன் அப்பா, வாங்கிய கடையிலேயே திரும்பக் கொண்டுபோய் விட்டதற்கு நான் தூபம் போட்டதுதான் காரணம் என்று உனக்குச் சந்தேகம். சந்தேகப்பட வேண்டிய ஆள்தான். நீ அதை வாங்கப்போகிறாய் என்று தெரிந்த அன்றே அத்தானிடம் வாய் கிழியப் பேசினேன். பாதிப் புல்லில் பேட்டரி தீர்ந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா, பெட்ரோல் என்றால் கேனைச் சாய்த்தால் போதுமே, மழை பெய்து முழங்கால் உயரம் வளர்ந்த புல்லை இந்தப் பொம்மை வெட்டுமா என்றெல்லாம் கேட்டேன். அதற்கு அவர், "எம் பொண்ணு வாங்கித் தர்றா. பொம்மையா இருந்தாலும் அதைத்தான் தள்ளுவேன். உனக்குப் பொறாமைடா மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார்.

இதை முதலில் மனதில் போட்டுக்கொள். பிறகு மேலே படி.

மெஷின் வந்த அன்று அவர் பண்ணிய அமர்க்களத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போட விடவில்லை. மருத்துவமனைப் புல்வெளி வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்கு உள்ளூர எவ்வளவு பயம் இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவர் பழைய மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாலே வார்டு ஜன்னல்களை நர்ஸுகள் அறைந்து சாத்துவதை நீயே பார்த்திருக்கிறாய். சத்தமும் புகையும் நோயாளிகளுக்கு ஆகாது, சத்தமில்லாத மெஷின் வைத்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தானே நீ வேலை பார்க்கிற ஊரிலிருந்தபடியே கடைக்குப் பேசி இதை அனுப்பச் சொன்னாய்?

பேட்டரி சார்ஜ் ஆனதும் வீட்டின் பின்பக்கச் சிமெண்ட் தரையில் நிறுத்தி லீவரை அமுக்கியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்காரர் அமுக்கிக் காட்டி, "நல்லாத்தான ஓடுது" என்றிருக்கிறார். கடைக்காரர் கண்ணைக் கட்டி வித்தை காட்டுகிறார் என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே கடையில் கொண்டுபோய், "ஓடாத மெஷினை எம் பொண்ணு தலையில கட்டிட்டீங்க" என்று சொல்லி விட்டுவிட்டு வந்துவிட்டார். கடைக்காரர் சண்டையை உன் காதுவரைக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று நினைத்து, உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொன்னார். அது உன் மனதில் எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அவ்வளவு தூரம் வேலைக்குப் போகாதே என்று அவர் சொன்னதைக் கேட்காமல் போன பெண் நீ. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, நம் சம்பாத்தியத்தில் வாங்கியதைத் தொடவும் மாட்டேன் என்கிறார் என்று நினைத்துவிட்டாய்.

போன் பண்ணி அவரிடம் நேராகவே கேட்டாயாம். "நான் வாங்கிக் குடுத்தா கையால தொடக்கூட மாட்டீங்களாப்பா? எம்மேல அவ்வளவு வெறுப்பா?" என்று. அதற்கு அவர், "ஆமாம்மா, ஆமா. சந்தோஷம். இரு, அம்மாகிட்டக் குடுக்குறேன்" என்று சொல்லி போனைக் கைமாற்றிவிட்டாராம். அக்காவிடம் நீ அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டபோது எனக்கே ரத்தம் கொதித்தது. பெற்ற பெண்ணிடம் இப்படியும் ஒரு மனிதன் பேசுவானா என்று இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை நான். நீ விடுமுறைக்கு வரமாட்டேன் என்று சொன்னதில் தப்பே இல்லை என்றுகூட அக்காவிடம் சொன்னேன்.

அக்காதான் அந்த மெஷின் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று என்னை விரட்டிக் கடையிலிருந்து எடுத்துவரச் செய்தாள். என் பட்டறைக்கு வந்த மறுநாள் காலையிலேயே அத்தானும் வந்துவிட்டார். "நீயாவது உள்ளதைச் சொல்லு. பாப்பா ஏமாந்துட்டாளா இல்லையா?" என்று கேட்டார். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, நான் திரும்பி உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த லீவரைக் கையால் அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் மெஷின் ஓடும், விட்டால் நின்றுவிடும். ஆபத்து வரக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நாள் முழுக்கத் தள்ளுகிறவர்கள் கை கடுக்கிறது என்று அதை ஒரு துண்டு சைக்கிள் டியூபால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிடுவது வழக்கம். உன் அப்பாவும் கட்டுவார். பெட்ரோல் மெஷினில் இன்ஜின் கத்துகிற கத்தலே கிட்டே வராதே என்று சொல்லிவிடும்.

எனக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் கேட்டது. சரி, ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அத்தான் லீவரை டியூபால் கட்டிவிட்டு, மெஷினின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கை பிளேடு ஏன் சுற்றவில்லை என்று பார்க்க அடியில் போய்க்கொண்டிருந்தது. "அத்தான்!" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தான் திரும்பவில்லை. எப்படி எழுந்தேன், எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு பேட்டரியைப் பிடுங்கினேன். கீழே விழுந்தவர் என்னை முறைத்து, "ஓடாத மெஷினுக்கு ஏன்டா இந்தக் கூத்து?" என்றார்.

மருமகளே, எனக்கு அப்போதுதான் தலையில் உறைத்தது. அவருக்குப் பின்னால் போய் நின்று பெரிய ஸ்பேனரைத் தரையில் போட்டேன். அவர் திரும்பவே இல்லை. பேட்டரியை மாட்டி, மெஷினை வெளியே புல்லில் நிறுத்தி, தள்ளுங்கள் என்று கைகாட்டினேன். பின்னால் வழித்துவிட்டதுபோல் ஒரு பாதை விழுந்தது. அதை அவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது ஓடிட்டுத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அத்தனை வருடம் அந்தப் பெட்ரோல் இன்ஜின்கள் காதோடு கத்திக் கத்திக் காதைத் தின்றுவிட்டன. கைப்பிடி அதிர்கிறதே, அதாவது தெரிய வேண்டாமா என்றால், விரல்களும் மரத்துப்போயிருக்கின்றன. எதிரில் நின்று பேசினால் நம் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறார். அவருக்கே இது தெரியாது. மற்றவர்கள்தான் இப்போதெல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே இந்த மனுஷனுக்கு நான் சொல்வது காதில் ஏறாது என்று திட்டுகிறவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

போனில் பார்ப்பதற்கு வாய் ஏது? உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகச் சொன்னபோதும் "ஆமாம்மா, சந்தோஷம், அம்மாகிட்டக் குடுக்குறேன்" என்றுதான் சொன்னார். உனக்குக் காய்ச்சல் என்றபோதும் அதேதான். நீ எதைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இனி நல்ல செய்தி. டாக்டரிடம் காட்டினோம். ஒரு காது போனது போனதுதானாம். இன்னொன்றுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்குமாம். அதுவும் பேட்டரியில்தான் ஓடுகிறதாம். அத்தான் என்னைப் பார்த்து, "இதையாவது பெட்ரோல்ல போடச் சொல்லேண்டா மாப்பிள்ளை" என்றார். காது மெஷின் வர இன்னும் கொஞ்ச நாளாகும்.

சைக்கிள் டியூபை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். மோட்டாரின் காற்று வெளியேறுகிற இடத்தில் ஒரு ரிப்பனை ஒட்டிக் கொடுத்தேன். அது பறந்தால் ஓடுகிறது, தொங்கினால் நின்றுவிட்டது. ஏதாவது துணி கொண்டுவாருங்கள் என்றதற்கு, பீரோவைக் குடைந்து உன் பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பனை எடுத்துவந்தார் மனிதர். மருத்துவமனை வேலை தங்கிவிட்டது. இப்போதெல்லாம் அவர் வெட்டும்போது வார்டு ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. ஒரே ஒரு தொல்லை. அவர் இத்தனை வருடமும் இன்ஜின் சத்தத்துக்குள் உரக்கப் பாடிக்கொண்டே வெட்டியிருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. இப்போது மூன்று மாடிக்கும் கேட்கிறது. தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. நிறுத்தச் சொல்லட்டுமா என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன். பாடட்டும், வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்றார். அத்தானிடம் இதை யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

என் பட்டறையைப் பற்றிக் கவலைப்படாதே. பேட்டரி மெஷினும் ஒருநாள் பழுதாகத்தானே செய்யும்.

கடைசியாக ஒன்று. அன்று பட்டறையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குப் பாப்பா போன்ல என்னமோ கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல. என்னடா கேட்டா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அக்காவும் சொல்லவில்லை. தினமும் ஒரு தடவை என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்கிறார். இந்தப் பொய்யை இன்னும் எத்தனை நாளைக்கு என்னால் இழுக்க முடியும் என்று தெரியவில்லை.

அதனால் விடுமுறைக்கு வா, தாயே. வந்து அவர் எதிரில், வெளிச்சத்தில் நின்றுகொள். அவர் உன் வாயைப் பார்க்கிற மாதிரி, அன்று கேட்ட அதே கேள்வியை இன்னொரு தடவை மெதுவாகக் கேள். இந்த முறை என்ன பதில் வருகிறது என்று பார்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மாமா