அப்பா பார்த்த வெளிச்சம்

மே 26, ஞாயிறு

ஜெஸ்கஸ்கன் நகரத்திலிருந்து இங்கே வரும் மண்பாதையில் நாலு மணி நேரம் குலுங்கியதில் விலா எலும்பெல்லாம் வலி. இருமல் இன்னும் முழுதாக விடவில்லை. நிமோனியாவுக்குப் பிறகு உடம்பு தேற அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தேன். உண்மை அதுவல்ல. அண்ணன் தௌலெத் அனுப்பி வைத்தான்.

"நீயே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, அக்தோதி. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது. வானத்துல என்னென்னமோ தெரியுதாம்."

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி, அவன் இருக்கும் கரகாந்தி நகரத்தில் மூளை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு அப்பா அவனோடு ஐந்தாவது மாடி வீட்டில் இருக்க வேண்டுமாம். குதிரைகளை வாங்க ஆளும் பார்த்தாயிற்று. அம்மா போன பிறகு நாலு வருஷமாக அப்பாவுக்கு அந்தக் குதிரைகள்தான் துணை. அவற்றையும் பிடுங்கிவிட்டால்?

மே 27, திங்கள்

பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். என்னைவிட வேகமாகச் சேணம் பூட்டுகிறார். தேநீர் குடிக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"பொறந்ததுலேர்ந்து ராக்கெட் பாக்கறேன் கண்ணு. ஒரு நெருப்புப் பொட்டு, பின்னால வாலு, அவ்வளவுதான். இது வேற. பொழுது எறங்கி அரைமணி இருக்கும். மேக்கால இருந்து வந்துச்சு. சத்தமே இல்ல. வெள்ளையா, ஓரமெல்லாம் நீலமா, கல்யாணப் பொண்ணு முக்காடு மாதிரி விரிஞ்சுது பாரு, பாதி வானத்துக்கு! குதிரையெல்லாம் மேய்றத விட்டுட்டு நின்னுடுச்சு."

"என்னிக்குப்பா?"

"குதிரை கட்டின அன்னிக்கு."

வசந்தத்தில் முதன்முதலாகக் குட்டிகளைக் கயிற்றில் கட்டிப் பெட்டைக் குதிரைகளில் பால் கறக்கும் நாள். எங்கள் வீட்டில் அது மே மாத நடுவில் வரும் புதன்கிழமைதான். செவ்வாயில் இங்கே யாரும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். ஆக, மே 15.

மே 28, செவ்வாய்

பன்னிரண்டு வருஷமாகப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வெளிச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன? மேட்டில் ஏறினால்தான் போனில் சிக்னல் வருகிறது. காற்றில் காது மரத்துப்போகும் வரை அங்கேயே உட்கார்ந்து தேடினேன்.

வெள்ளிக் கிரகமா? அது விரியாது. விமானமா? பாதி வானத்துக்கு விமானமா! அப்பா சொல்வது அச்சு அசலாக ராக்கெட் புகை. பொழுது சாய்ந்தபின் போனால் அப்படித்தான் தெரியும். நமக்குச் சூரியன் மறைந்திருந்தாலும் அவ்வளவு உயரத்தில் அது மறைந்திருக்காது. புகைமேல் வெயில் பட்டு விரியும். ஆனால் பைக்கனூர் ராக்கெட் தளத்திலிருந்து புதன்கிழமை ராக்கெட்டே போகவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைதான் போயிருக்கிறது. பக்கத்து ஊருக்கும் போன் போட்டுக் கேட்டேன். புதன் மாலை ஊரே மைதானத்தில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு இருந்ததாம். ஒருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை.

"ஒருவேளை அது செவ்வாய்க்கிழமையோப்பா?" என்றேன்.

கிண்ணத்தை டம்மென்று வைத்தார். "செவ்வாய்க்கிழமை நான் குதிரை கட்டுவேனா? என்னை என்னன்னு நெனச்சே?"

எழுந்து குதிரைகளிடம் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். எல்லாம் பொருந்துகிறது, நாள் மட்டும் இடிக்கிறது.

மே 30, வியாழன்

"எனக்கு நெசமாவே புத்தி பிசகிடுச்சா கண்ணு?" என்று கேட்டார். எழுந்துபோய் தேநீர் கொதிக்கும் சமோவாருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

மேட்டிலிருந்து அண்ணனோடு சண்டை.

"யாருமே பாக்காத வெளிச்சத்த ஒருத்தர் மட்டும் பாத்தா அதுக்குப் பேர் என்ன?" என்றான். "நீ வாத்தியாரம்மாதானே, சொல்லு."

"அதுக்காகக் குதிரைய வித்துடுவியா?"

"பனியில அவர் எங்கயாவது விழுந்து கெடந்தா யார் பாக்கறது? நான் மட்டும் கல்நெஞ்சுக்காரனா?"

அவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஜூன் 5, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் அப்பாவின் சின்ன வயசுச் சிநேகிதர் சகிந்திக் சித்தப்பா மாவு மூட்டையோடு வந்தார். ஐந்து கிலோமீட்டர் தள்ளி அவர் பண்ணை. ஒவ்வொரு புதனும் விடியற்காலையில் ஜீப்பில் நகரத்துக்குப் போய் வருவார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அடேயப்பா, எழுந்து நடமாடுறியே! நான் கொண்டாந்த பாலுக்கு ஒரு நன்றி உண்டா?"

"எந்தப் பால் சித்தப்பா?"

"நல்லாருக்கு கதை! ஆஸ்பத்திரியில உன் வாயிலயே ஊத்தினேன். நீ காய்ச்சல்ல கண்ணே தொறக்கல. புதுசாக் கறந்த குதிரைப்பாலு நெஞ்சுக்கு நல்லதுன்னு உங்கப்பன் விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரோட்டுல குறுக்க நின்னு வண்டிய மறிச்சான். விட்டா என் ஜீப்பை அவனே ஓட்டிட்டுப் போயிருப்பான்."

"அது என்னிக்கு?"

"பதினஞ்சாம் தேதி. நான் வேற என்னிக்கு டவுனுக்குப் போறேன்?"

குதிரை கட்டுவது வெயில் ஏறிய பிறகுதான். புதன் விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில் பால் இருந்தது என்றால், குதிரை கட்டியது அதற்கு முந்தின நாள்.

சித்தப்பாவின் வண்டி கிளம்பிப் போகும் வரை பொறுத்திருந்தேன். அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "செவ்வாய்க்கிழமையே கட்டிட்டீங்களா அப்பா?"

கயிற்றைக் கீழே வைத்தார்.

"நீ மூச்சுவிடவே திணர்றேன்னு, மேட்டுல ஏறிப் போன் பேசினப்ப தௌலெத் சொன்னான். சகிந்திக் வண்டிய விட்டா அடுத்த வாரம்தான். என்ன பண்ணச் சொல்றே? கட்டிட்டேன். அன்னிக்குப் பொழுது சாஞ்சதுமே அது வந்து நிக்குது வானத்துல, நாள் தப்பிக் கட்டினதுக்குச் சாபம் மாதிரி. எனக்கு ஏதாவது வந்தா வந்துட்டுப் போகட்டும். நீ குடிக்கப்போற பாலாச்சே..." கயிற்றை மறுபடி எடுத்தார். "பைத்தியக்காரன்னு பேர் வந்தாலும் பரவாயில்ல, உன் காதுக்கு மட்டும் இது எட்டக்கூடாதுன்னு இருந்தேன்."

அழுதுவிட்டேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன்: இது பூமி, இது சூரியன், இது ராக்கெட், இது புகை. அது செவ்வாயன்று வழக்கம்போல் போன ராக்கெட். இங்கே ராக்கெட் என்றால் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூடக் கிடையாது. நான் புதனைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தால் யார் என்ன சொல்வார்கள்?

"ராக்கெட்டா!" என்றார். "சை." அப்புறம் சிரித்தார் பாருங்கள், பல் இல்லாத இடமெல்லாம் தெரிய.

மேட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொன்னேன். "குதிரைக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றான்.

ஜூன் 7, வெள்ளி

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து வாசற்படியில் நின்றார்.

"வெளிச்சம் சரியாப் போச்சு. இன்னொண்ணு இருக்கு கண்ணு."

"என்னப்பா?"

"அன்னிக்கு அது மறைஞ்சப்புறம் வீடு எந்தப் பக்கம்னு தெரியல. பயத்துல இல்ல. தெரியல, அவ்வளவுதான். நான் பொறந்த எடம். குதிரை கூட்டிட்டு வந்துச்சு. பனிக்காலத்துலேர்ந்து இது மூணாவது தடவ."

கையெல்லாம் மாவு. அப்படியே அவரைக் கட்டிக்கொண்டேன்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"பாத்ததையே யாரும் நம்பல. பாக்காததச் சொல்லி என்ன ஆகப்போவுது? நீ நம்பின. அதான்."

ஜூன் 8, சனி

அண்ணனிடம் சொன்னால் ஐந்தாவது மாடி. சொல்லாவிட்டால் பனி. நான் யாருடைய பக்கம்?

ஜூன் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பாதான் சொல்லச் சொன்னார். அண்ணன் அழுதான். அவன் அழுது நான் கேட்டது அம்மாவின் சாவுக்குப் பிறகு இன்றுதான்.

ஜூன் 20, வியாழன், கரகாந்தி

நேற்று மருத்துவரைப் பார்த்தோம். மறதி நோயின் ஆரம்பம்தானாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். பழகின இடத்தில் இருப்பதே நல்லது, ஆனால் தனியாக விடவே கூடாது என்றார். வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அப்பா வீட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். அவன் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, பனிக்காலத்துக்கென்று எனக்குக் கனத்த குளிர்ச்சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 6, சனி

அண்ணன் வந்திருக்கிறான். லாரியில் நீண்ட இரும்புக் கம்பம், அதன் தலையில் சூரிய சக்தி விளக்கு. பகலெல்லாம் இரண்டு பேரும் வீட்டு வாசலில் குழி தோண்டிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"இதென்ன, ரயில்வே ஸ்டேஷனா?" என்கிறார் அப்பா.

"ஆமா, நீங்கதான் ஸ்டேஷன் மாஸ்டர். கம்பத்த நேராப் பிடிங்க" என்கிறான் அண்ணன்.

இருட்டத் தொடங்கியதும் விளக்கு தானாக எரிந்தது. அப்பா வேண்டுமென்றே பள்ளத்துப் பக்கம் குதிரையில் போனார். அண்ணனும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு நேராக வந்து இறங்கினார்.

ஜூலை 7, ஞாயிறு

காலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். சகிந்திக் சித்தப்பா புழுதி பறக்க ஜீப்பில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கப்தெஷ்! நேத்து பொழுது சாஞ்சதும் உங்க பக்கம் ஒரு வெளிச்சம்டா. நட்சத்திரமும் இல்ல, ராக்கெட்டும் இல்ல, நின்ன எடத்துலயே நிக்குது. நீ பாத்தியா?"

அப்பா அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி நீட்டினார்.

"பாத்தேன்" என்றார். "அது என் வீடு."