பந்து கையை விட்ட நொடி

ஈரி,
23 செப்டம்பர் 1985

அன்புள்ள டெல்பின்,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் எவ்வளவு உரிமை மிச்சமிருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன்.

சிக் அண்ணன் வீட்டு மேலறையில்தான் இன்னமும் வாசம். தொழிற்சாலைக்குப் பத்தே நிமிடம். பெர்னீஸ் அண்ணி வாரத்தில் ஐந்து நாள் முட்டைக்கோஸ் வைக்கிறாள். மற்ற இரண்டு நாள் மிச்சமான முட்டைக்கோஸ்.

நேற்று டிவியில் ஃபுட்பால் ஆட்டம் பார்த்தாயா? பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். நம் அணி ரெட்டிங்கர் கடைசி நிமிடத்தில் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடினானே, இங்கே வீடே அதிர்ந்தது. அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான்.

"இவனுக்குக் கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? நேரா எதிராளி கையில கொண்டுபோய்க் குடுக்கறானே!"

"அண்ணே, நீ பந்தைப் பாத்தே. நான் அவனைப் பாத்தேன்."

"அவனைப் பாத்து என்னத்தைக் கண்டே? அழகா இருக்கானா?"

அண்ணன் புதிதாக ஒரு வீடியோ டெக் வாங்கியிருக்கிறான். ஆட்டத்தைப் பதிவு செய்து, நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். நான் பந்து ரெட்டிங்கரின் கையை விட்டுப் போகும் நொடியில் நிறுத்தினேன். என்ன தெரிந்தது சொல்லட்டுமா? அவன் முன்னால் மூன்று தடியன்கள். அவனைக் காக்க வேண்டியவன் தரையில் குப்புறக் கிடக்கிறான். பந்தை வாங்க வேண்டியவன் சரியான இடத்தை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். பந்து கிளம்பிய பிறகுதான் அவனுக்குக் கால் வழுக்கியது. அதற்கு ரெட்டிங்கர் என்ன செய்வான்? அவன் கையில் இருந்தது இரண்டரை வினாடி. அண்ணனுக்கு உப்பா மிளகா என்று முடிவு செய்யவே அதைவிட அதிகம் ஆகும்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கை எடைபோட என்னிடம் ஒரே சட்டம்தான் உண்டு. பந்து எங்கே விழுந்தது என்று பார்க்காதே. அது கையை விட்ட நொடியில் அவனுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரிய வழியே இல்லை, அதை மட்டும் பார். மீதி எல்லாம் ஊர்வாய்.

குளிர் வருமுன் சூடேற்றும் கருவியின் வடிகட்டியை யாரையாவது மாற்றச் சொல்.

உன்
லியோன்

டன்கிர்க்,
1 அக்டோபர் 1985

அன்புள்ள லியோனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரெட்டிங்கருக்கு இரண்டு பக்கம், எனக்கு இரண்டு வரி, வடிகட்டிக்கு ஒரு வரி. வடிகட்டியை நானே மாற்றிவிட்டேன்.

திராட்சை அறுப்பு மும்முரம். தெருவெல்லாம் ஜாம் வாசனை. ஆட்டம் பார்த்தேன், தனியாகத்தான். எனக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை. அத்தனை பேர் மேலே விழுந்தும், எழுந்து முதல் வேலையாக அந்த வழுக்கி விழுந்த பையனைத் தூக்கிவிட்டானே, அது எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் சட்டமும் நல்ல சட்டம்தான். எல்லாருக்கும் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டெல்பின்

ஈரி,
21 அக்டோபர் 1985

அன்புள்ள டெல்பின்,

என்ன ஒரு ஆண்பிள்ளை அவன்! விலா எலும்பில் விரிசலோடு நேற்று முழு ஆட்டமும் ஆடினான். ஒவ்வொரு முறையும் இடிபடப்போகிறோம் என்று தெரிந்தே நின்று, கடைசிக் கணம்வரை பந்தை வைத்திருந்து, பிறகுதான் எறிந்தான். ஓடி ஒளிந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதே.

ஆனாலும் தோற்றோம். பயிற்சியாளர் அடுத்த வாரம் அவனை உட்கார வைக்கப் போகிறாராம். நிருபர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா? "தப்பு என்னோடதுதான். மத்தவங்க நல்லா ஆடினாங்க." காவல் நின்றவன் மூன்று முறை கோட்டைவிட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. குவார்ட்டர்பேக் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது மரபு. அவன் சொல்லலாம். கேட்கிற நாம் அதை நம்பிவிடலாமா? போன வருஷம் அவனைத் தோளில் தூக்கிய ஊர் இன்று அவன் பெயர் போட்ட சட்டையைக் கொளுத்துகிறது.

பொறுக்க முடியாமல் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். அச்சிட்டுவிட்டார்கள்! நறுக்கை இணைத்திருக்கிறேன். கடைசிப் பத்தி எனக்கே பிடித்திருக்கிறது: "நெருக்கடியில் நின்று முடிவெடுத்தவனை, சோபாவில் சாய்ந்துகொண்டு முடிவு தெரிந்தபின் குறைசொல்வது கோழைத்தனம்."

அடுத்த மாதம் நன்றி நவிலல் பண்டிகை விருந்துக்கு இங்கே எல்லாரும் கூடுகிறோம். உன்னைப் பற்றி அண்ணன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்
லியோன்

டன்கிர்க்,
6 நவம்பர் 1985

லியோன்,

நறுக்கை மூன்று முறை படித்தேன்.

ஜனவரி 18, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. நீங்கள் வேலையில் இருந்தீர்கள். அந்தப் படத்தை இப்போது நான் நிறுத்திக் காட்டுகிறேன். பாருங்கள்.

மாமா சமையலறைத் தரையில் கிடக்கிறார். உதடு நீலம். ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறேன். "பாலத்துகிட்ட பெரிய விபத்தும்மா, எல்லா வண்டியும் அங்க இருக்கு. வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம்" என்கிறாள் ஒரு பெண். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சு முட்டுதும்மா" என்கிறார். கொட்டகையில் பிக்கப் வண்டி நிற்கிறது. ஆஸ்பத்திரி ஏழு மைல்.

இங்கே நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவரைக் கம்பளியில் கிடத்தி இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினேன். கோலாசாவின் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் வண்டி பனியில் புதைந்தது. அங்கேயே, என் மடியிலேயே உங்கள் அப்பா போய்விட்டார். பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் ஒன்றுக்கு வேலை இல்லாமல் போய், அது நான் போன் செய்த பன்னிரண்டு நிமிடத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. வேறு ஊர் வண்டி வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, டெல்." அதையே சவ அடக்கத்தன்று உங்கள் அண்ணனிடமும் சொன்னீர்கள். அன்றிலிருந்து உங்கள் குடும்பத்துக்கு நான் மாமாவைக் கொன்றவள். போனில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் சொல்ல எனக்கு ரோஷம் விடவில்லை.

முன்பின் தெரியாத ஒருவனுக்காகப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த நியாயத்தில் ஒரு துளி இல்லையா?

இனி எனக்கு ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

டெல்பின்

ஈரி,
29 நவம்பர் 1985

டெல்,

மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம், எழுதிய எதுவும் கிழித்துப் போடத்தான் லாயக்காக இருந்தது. உன் கடிதத்தைத் தொழிற்சாலை வாசலில் காரில் உட்கார்ந்து படித்தேன். வேலைக்குள் போக முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

நேற்று விருந்து. பதினோரு பேர். வான்கோழியை அறுத்துக்கொண்டே அண்ணன் ஆரம்பித்தான்: "டெல்பின் மட்டும் அன்னைக்கு அவசரப்படாம இருந்திருந்தா, அப்பா இப்ப இந்த நாற்காலியில உக்காந்து நம்மளைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பாரு."

நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஒன்றரை மணி நேரம் ஆகும்னு போன்ல சொல்லியிருக்காங்க. அப்பா மூச்சுக்குத் திணறிட்டு இருந்தாரு. அவ இடத்துல நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"யாருடா சொன்னா ஒன்றரை மணி நேரம்னு?"

"டெல்பின் சொன்னா."

"நீ விசாரிச்சியா?"

"விசாரிக்க மாட்டேன். அவ சொன்னா போதும். பத்து மாசம் முந்தியே நான் கேட்டிருக்கணும், கேக்கல. அவ அவசரப்பட்டுட்டான்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னவன் நான். அது பொய். அப்பாவைக் காப்பாத்த அன்னைக்குக் கை நீட்டினது அவ ஒருத்திதான்."

பெர்னீஸ் அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய் அழுதாள். அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான், அதற்குப் பிறகு வான்கோழியை யாரும் அறுக்கவில்லை.

அப்பா போனபோது எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. பனிமேல் கோபப்பட முடியவில்லை. அன்று வேலைக்குப் போன என்மேல் கோபப்படத் துணிவில்லை. பக்கத்தில் நீ நின்றாய்.

நீ செய்தது சரி. நான் செய்தது தவறு. வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால் அதற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது.

லியோன்

டன்கிர்க்,
3 டிசம்பர் 1985

அன்புள்ள லியோனுக்கு,

பெர்னீஸ் போன் செய்தாள். அரைமணி நேரம் அழுதாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது, பாருங்கள் என் தலையெழுத்தை. உங்கள் அண்ணனும் போனை வாங்கி, "பனி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வந்தது அவ்வளவுதான், போகட்டும்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வாருங்கள். பகலில் கிளம்புங்கள், ஏரிக்கரைச் சாலை வழுக்குகிறது.

வந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். உள்ளே வந்து என் எதிரில் உட்காருங்கள், மாமாவைப் பற்றிப் பேசுவோம். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவரைக் கொன்றவள் என்று என்னை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததில், அவருக்காக நான் இன்னும் ஒரு முறைகூட அழவில்லை.

உங்கள்
டெல்