அக்கம்பக்கம் விசாரித்து வாங்கிய வீடு

2 மார்ச் 2025, ஞாயிறு

வீட்டு உரிமையாளரின் மகனுக்குக் கல்யாணமாம். ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும். "இனிமே வாடகை வூடே வேணாங்க. சின்னதா இருந்தாலும் நம்மளுதா இருக்கட்டும்" என்றாள் சுகுணா. கல்யாணமானதிலிருந்து தர்மபுரிக்குள்ளேயே ஐந்து வீடு மாறியவள். சரி என்றேன். வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அக்கம்பக்கம் சரியாக இருக்க வேண்டும். அதுதான் என் கொள்கை.

9 மார்ச்

புரோக்கர் மாதவராஜ் ஒரு வீடு காட்டினார். ஓய்வு பெற்ற நர்ஸ் தெரசா அம்மாவுடையது. அவர் ஓசூரில் மகனோடு இருக்கப் போகிறார். ஒகேனக்கல் தண்ணீர் வாசலிலேயே வருகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்த சுகுணா அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் தெருவை விசாரிக்கப் போனேன். ஜாதி கேட்கிற ஆள் நான் இல்லை. ஒருபோதும் கேட்டதில்லை. சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் — இவ்வளவுதான் கேட்பேன். பக்கத்து வீட்டு ராணியம்மாள் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். எதிரே தையல்கடை பாய். பின்வீட்டில் கருவாடு மணக்கிறது. எனக்கும் கருவாடு உயிர்தான். ஆனால் அடுத்த வீட்டில் யார் வறுக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

10 மார்ச்

சுகுணா காபி டம்ளரை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

30 மார்ச்

கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே புது நகர். தெரு முழுக்க நம்மவர்கள். யாரையும் சுற்றி வளைத்து விசாரிக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதப்பனுடையது. காரிமங்கலத்தில் எங்களுக்கு மாமன் முறை. சுகுணா மட்டும் ஜன்னல்களைப் பார்க்கவே இல்லை.

6 ஏப்ரல்

மாதப்பன் மாமா காபிக்குக் கூப்பிட்டார். சம்பளம் எவ்வளவு, ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டோம், சுகுணா ஏன் கம்மல் மட்டும் போட்டிருக்கிறாள் — எல்லாம் கேட்டார். இப்படியா ஒருவர் வீட்டு விஷயத்தைத் துருவுவது? கடைசியில் என் தங்கை பூவிழிக்கு வந்தார். அவள் வேறு ஆட்களில் விரும்பிக் கட்டிக்கொண்டவள்.

"அவ வந்து போறாளா மாப்ள? இங்க வேணாம். தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் தங்கச்சிய வராதேன்னு சொல்ல இவரு யாரு? அந்த வீடு வேண்டாம்.

13 ஏப்ரல்

தெரசா அம்மாவிடமே திரும்பப் போனோம். "வூடு இருக்குதுங்க. ஆனா தெருவுல ஒரு வார்த்த கேட்டுக்கறேன். இத்தன வருசம் பழகினவங்க. ஈஸ்டர் கழியட்டும்" என்றார்.

என்னைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

22 ஏப்ரல்

ஈஸ்டரும் கழிந்தது. தெரு இன்னும் யோசிக்கிறது.

26 ஏப்ரல்

தெரசா அம்மா பதில் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார். உங்களுக்குன்னா வேணாம்னு சொல்றாங்க. போலீஸ்கூட அவ்ளோ கேள்வி கேட்டதில்லயாம். ஆனா சுகுணாம்மாவுக்குன்னா தாராளமா குடுக்கச் சொல்றாங்க."

சுகுணா பக்கத்தில்தான் இருந்தாள். சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பத்திரம் அவள் பெயரில்.

6 ஜூன், வெள்ளி

பால் காய்ச்சினோம். பூவிழி புருஷனோடும் குழந்தையோடும் முதல் ஆளாக வந்து நின்றாள். ராணியம்மாள் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சுகுணா வூட்டுக்காரரே, சும்மாதான நிக்கறீங்க. இந்த அண்டாவ ஒரு கை புடிங்க."

பிடித்தேன்.